அவன் யாருடைய ஆள் என்று எழுதமாட்டேன்

1

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்புவதற்கு முதல் நாள், இங்கே பள்ளிகளில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கும். தலைமை ஆசிரியரில் தொடங்கி சமையல்கூடத்தில் தட்டு கழுவுபவர் வரை எல்லோரும் மண்டபத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளை யார் யார் எப்படியெல்லாம் அபகரிப்பார்கள், அதை நாம் எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் பாடம். வருடா வருடம் அதே பாடம். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதவர்களுக்கு மறுநாள் வேலை கிடையாது.

வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே வருவதற்கு முன் திருவண்ணாமலையில் செய்தியாளராகவும் வேலூரில் செய்தி மேசையிலும் வேலை பார்த்தவள். இப்போதைய வேலை எளிமையானது. காலையில் வருகைப் பதிவு முடிந்ததும், வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். "உங்கள் மகள் இன்று வரவில்லை, காரணம் தெரிந்துகொள்ளலாமா?" என் உச்சரிப்பைக் கேட்டதும் எதையோ விற்கக் கூப்பிடுகிறாள் என்று சிலர் வைத்துவிடுவார்கள். மறுபடி கூப்பிடுவேன். காரணம் கிடைக்கும் வரை கூப்பிடுவேன்.

இந்த வருடம் பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற பெண் போலீஸ் அதிகாரி. ஊர் பேர் இல்லாமல் ஒரு வழக்கைச் சொன்னார். ஓர் ஆள் ஒரு சிறுமியைத் தேடிப் பிடிக்கிறான். அவள் பேசுவதை முழுதாகக் கேட்கிறான். சின்னச் சின்னதாக ஏதாவது கொடுக்கிறான். இது நமக்குள் இருக்கட்டும் என்கிறான். உன் வீட்டில் உன்னை யாருக்கும் புரியவில்லை என்கிறான். பிறகு ஒரு நாள் கிளம்பி வா என்கிறான். இந்த மொத்த வேலைக்கும் ஆங்கிலத்தில் 'குரூமிங்' என்று ஒரே சொல் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் 'ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றார்' என்று முடித்துவிடுவார்கள். அதைப் படிக்கிறவருக்கு ஆசைப்பட்டது அந்தப் பிள்ளைதான் என்று தோன்றும்.

அவர் பேசி முடித்ததும் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் கை தூக்கினார். "அந்த ஆள் எந்தச் சமூகம்?"

அதிகாரி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "நான் சொல்லிவிட்டால், நாளையிலிருந்து நீங்கள் எந்தப் பிள்ளையைக் கவனிக்காமல் விடப்போகிறீர்கள்?"

நான் மட்டும் கை தட்டினேன். இங்கே இப்படிப்பட்ட கூட்டங்களில் கை தட்டும் வழக்கமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த ஆசிரியர் கேட்ட கேள்வி என் காதில் முதலில் விழுந்தது இங்கே அல்ல. எங்கள் ஊர்த் தமிழில், போனில், என் தங்கை மகள் காணாமல் போனபோது.

2

தங்கை அம்சா அடி அண்ணாமலையில் இருக்கிறாள். அவள் கணவர் ஏழுமலைக்குக் கொஞ்சம் நிலம். பவுர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டுச் சாதக் கடை. ஒரே மகள். வீட்டில் பாப்பா என்போம், இங்கேயும் பாப்பாதான். அவள் பெயரை எழுதச் சட்டம் அனுமதிக்காது. அனுமதித்தாலும் எழுதமாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன், இது நடந்தபோது, அவள் பத்தாம் வகுப்பு.

பவுர்ணமிக் கூட்டத்தில் பிள்ளைகள் கைநழுவிப் போவது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பவுர்ணமிக்கும் அம்சாவின் பந்தலில் எந்த ஊர்க் குழந்தையாவது நின்று அழும். அதை உட்காரவைத்து, ஒரு தட்டு சாதம் கொடுத்து, போலீஸ் உதவி மையத்துக்கு ஆள் அனுப்புவாள். ஒலிபெருக்கியில் பெயரும் சட்டை நிறமும் வரும். மூச்சிரைக்க ஓடிவரும் தாயிடம், "ஏம்மா அழுவுற? எல்லாரும் மலையதான சுத்துறாங்க, எங்க போயிடும் உம்புள்ள?" என்று கேட்பாள்.

அந்தப் பவுர்ணமி மாலை, பாக்குமட்டைத் தட்டு வாங்கிவரப் போன பாப்பா திரும்பவில்லை. கூட்டத்தில் மாட்டியிருப்பாள் என்றார்கள். ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னார்கள். மற்றத் தாய்மார்களுக்குச் சொன்னதையே அம்சா தனக்கும் சொல்லிக்கொண்டு சாதம் கட்டிக்கொண்டிருந்தாள். வேறு எந்த நாளிலும், பதினைந்து வயதுப் பெண் பொழுது சாய்ந்தும் வரவில்லை என்றால் வீடு தெருவுக்கு வந்திருக்கும். தொலைந்த பிள்ளைகளை மீட்டுக் கொடுத்தே பழகிய குடும்பம், ஒலிபெருக்கியை நம்பி விடியும்வரை பொறுத்தது. அதற்குள் சிறப்புப் பேருந்துகள் எல்லாத் திசைக்கும் போய்விட்டிருந்தன.

காலையில் எனக்குப் போன் வந்தது. "அக்கா, பாப்பாவக் காணும்."

"கடைசியா எப்ப பாத்த? இன்னா டிரெஸ்ஸு? கூட யாரு?" 

"நீ இன்னாக்கா, நியூஸ்காரி மாரியே கேக்குற" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

3

அன்று மத்தியானத்துக்குள் இரண்டு செய்திகள் வந்துவிட்டன. ஒன்று பாப்பாவின் தோழி சொன்னது. போனில் விளையாடும் ஒரு விளையாட்டில் யாரோ ஒருவனோடு பாப்பா பல மாதமாகப் பேசிவந்தாள், அவன் ரீசார்ஜ் செய்துகொடுத்தான், அவனைப் பார்க்கத்தான் போயிருப்பாள். இன்னொன்று ஊர் சொன்னது. எஸ்தர் டீச்சர் மதம் மாற்றிக் கடத்திவிட்டார். முதல் செய்தி எங்கள் சொந்தங்களைத் தாண்டவில்லை. இரண்டாவது திருவண்ணாமலை முழுக்கப் போனது.

எஸ்தர் அடுத்த தெரு. வீட்டு முன்னறையில் இலவச மாலை டியூஷன், பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம். பாப்பா கணக்குக்கு அங்கே போய்வந்தாள். உண்மை எது என்று நான் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு விசாரித்தேன். டியூஷன் முடியும்போது சின்ன ஜெபம் உண்டு. அது அம்சாவுக்கும் தெரியும். "டீச்சர், ஜெபத்துக்கு முன்னாடியே எம்பொண்ணு கெளம்பிடுவா" என்று சேர்த்த அன்றே சொன்னாள். எஸ்தர் சரி என்றார், அப்படியே நடந்தது. பாப்பா கணக்கில் தேறினாள். இதற்கு மேல் ஒரு வரி கிடைத்திருந்தாலும் இங்கே எழுதியிருப்பேன்.

அந்த ஜெப அறைக்கு அனுமதி உண்டா இல்லையா என்று ஊரில் மனுவும் எதிர்மனுவுமாகச் சில மாதம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் சண்டைக்கு ஒரு முகம் கிடைத்தது.

பிரகாசம் என்பவர் ஏழுமலைக்குத் தூரத்து உறவு, எங்களுக்கு மாமா முறை, உள்ளூரில் ஓர் அமைப்பின் பொறுப்பாளர். கெட்டவர் என்று எழுதினால் பொய்யாகும். முதல் நாள் பேருந்து நிலையம், ரயில் நிலையம், செங்கம் சாலை விடுதிகள் என்று பாப்பாவின் போட்டோவோடு சொந்த வண்டியில் அலைந்தவர் அவர்தான். மறுநாள் அதே போட்டோ பிளக்ஸ் பேனராகிக் கிரிவலப் பாதை முனையில் நின்றது. பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை, முழுப் பெயர், ஊர், வகுப்பு. மேலே, 'மதமாற்றக் கும்பலிடமிருந்து எங்கள் மகளை மீட்போம்'. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், நடுவில் பிரகாசம். வாட்ஸாப்பில் எஸ்தரின் போன் எண் சுற்றியது. 'இவரைக் கேளுங்கள்.'

மகளிர் காவல் நிலையத்துக்குப் பிரகாசம் புகாரை டைப் செய்தே எடுத்து வந்திருந்தார். அம்சா அதைக் கடைசி வரை படித்தாள்.

"மாமா, மதம் மாத்தத்தான் கடத்துனாங்கன்னு எழுதிக்கீது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்மா."

"எனக்குத் தெரியலியே. எம்பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு, போன்ல பேசுனவன் எவனோ இட்டுனு போய்ட்டான். அத மட்டும் எழுதுங்க."

"அப்படி எழுதுனா எவனும் தேடமாட்டான் அம்சா. இப்படி எழுதுனாதான் மேலருந்து பிரஷர் ஜாஸ்தி வரும். புரிஞ்சிக்க."

அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். ஒரு பிள்ளை காணாமல் போனது மட்டும் போதாது, கூடவே ஒரு கலவரமும் வேண்டும் என்பதை அந்த மனிதர் அனுபவத்தில் கற்றிருந்தார். அம்சா அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் வெள்ளைத் தாள் கேட்டாள். சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தாள்.

4

அந்த நாட்களில் எனக்குச் சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, துபாயிலிருந்து உறவுகள் கூப்பிட்டார்கள். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. "பையன் நம்ம ஆளா, அவங்க ஆளா?" பையன் என்றார்கள். அவனுக்கு முப்பது தாண்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பாப்பாவிடம் போன் இருக்கிறதா, மாற்று உடுப்பு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று. சோறு கேட்க மட்டுமே தமிழ் பேசுவாள், மீதி எல்லாம் இந்த ஊர் ஆங்கிலம். மனிதர்களை அஃறிணையில் சொல்லுவாள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். அன்று சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, பாப்பா பயந்துட்டு இருக்குமா? அதுகூட நல்லவங்க யாராச்சும் இருக்கா?"

நான் திருத்தவில்லை. இவள் நம்மிடமிருந்து விலகிப் போகிறாளே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளைதான், எங்கள் சொந்தபந்தம் அத்தனையிலும் கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே ஆள்.

சொல்லவும் வேண்டும், இந்த ஊர் எங்கள் ஊரைவிட ஒசத்தி இல்லை. இங்கேயும் ஒரு சனிக்கிழமை சாலை ஓரத்தில் கொடிகளோடு ஆட்கள் நின்றார்கள். எங்கள் பெண்களைக் காப்போம் என்று அட்டை. அதைப் பிடித்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மகள் பள்ளிக்கு வராத காலைகளில் நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்காதவர்.

5

பாப்பா ஓசூர்ப் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தாள். அவன் அவளுடைய போனைப் பிடுங்கி வைத்திருந்தான். பகலில் அறையைப் பூட்டிவிட்டு வெளியே போவான். பக்கத்து அறைக்காரப் பெண்ணிடம் ஜன்னல் வழியாகக் கெஞ்சி, அவருடைய போனை வாங்கினாள். யாரைக் கூப்பிடுவது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா எண் மனப்பாடம் கிடையாது, போனில் பெயராக மட்டும் இருக்கும். பாப்பாவுக்கு மனதில் இருந்தது ஒரே எண். தினம் மாலை எஸ்தர் வீட்டில் கணக்குப் போட்டபடி எதிர்ச்சுவரில் பார்த்துப் பார்த்துப் பதிந்த, பெயிண்டில் எழுதிய எண். 'இலவச டியூஷன், தொடர்புக்கு.'

கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப்.

மறுநாளும் போனை வாங்கிக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப்.

வாட்ஸாப்பில் எண் சுற்றியதிலிருந்து எஸ்தருக்கு ஓயாமல் வசவு வந்துகொண்டிருந்தது. கேட்கக் கூசும் வார்த்தைகள், கொளுத்திவிடுவோம் என்ற மிரட்டல். அவர் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார். பாப்பாவை மீட்போம் என்று கத்தியவர்கள்தான் பாப்பா தட்டிய ஒரே கதவை வெளியிலிருந்து தாழ்போட்டார்கள்.

விசாரணைக்காகப் போலீஸ் கேட்டதும் எஸ்தர் போனை எடுத்து இயக்கினார். வசவுகளுக்கு நடுவே, தெரியாத ஓர் எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்ததாகக் குறுஞ்செய்திகள். அந்த எண்ணைக் கூப்பிட்டார். "ஒரு பொண்ணு அழுதுனே இருந்துச்சும்மா, டீச்சர் டீச்சர்னுச்சு" என்றது ஒரு பெண் குரல். எஸ்தர் செருப்புப் போடாமல் ஓடினார். அம்சா வீட்டு வாசலில் நின்ற கூட்டம் வழிவிடவில்லை. "தள்ளுங்கடா, பாப்பா இருக்கற எடம் தெரிஞ்சிடுச்சு" என்று அந்தம்மாள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாம். அப்படி அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

அன்று மாலைக்குள் போலீஸ் பாப்பாவை மீட்டு, அவனைப் பிடித்தது.

6

இவ்வளவு படித்த பிறகும் உங்களில் சிலர் காத்துக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் சரி, அவன் யார்?

அவனுடைய போனில் மூன்று கணக்குகள் இருந்தன. ஒன்றில் சிலுவை, ஒன்றில் பிறை, ஒன்றில் திருநீறு. மூன்று பெயர். எதிரில் இருக்கும் பிள்ளைக்கு எது பழக்கமோ அது அவனுடைய மதம். மூன்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள், வெவ்வேறு ஊர்களில். பாப்பாவிடம் எந்தப் பெயரில் வந்தான், பெற்றோர் வைத்த பெயர் எது, எல்லாம் எனக்குத் தெரியும். குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேருக்கு நிம்மதியாக இருக்கும், நம் வீட்டுக்கு இது வராது என்று. அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பாப்பா சில நாள் குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பில் இல்லத்தில் இருந்தாள். வாக்குமூலம், ஆலோசனை, மறுபடி வாக்குமூலம். வீட்டுக்கு வந்த அன்று பிரகாசம் நாலு பேரோடு வந்தார்.

"அம்சா, கோயிலாண்ட சின்னதா ஒரு பூஜ. பாப்பாவுக்குத் திருநீறு பூசி, மாலையப் போட்டு, தாய்மதம் திரும்பிட்டான்னு ஒரு போட்டோ. ஊருக்கும் கௌரவம்."

"எங்க போனா மாமா திரும்பி வர்றதுக்கு? ஓசூருக்குத்தான போனா."

வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரகாசம் அவரை முறைத்தார்.

மறுநாள் எஸ்தர், தன் சபைக்காரர்கள் இரண்டு பேரோடு வந்தார். எங்கள்மேல் விழுந்த பழி போக வேண்டும், பாப்பா ஒரு வீடியோவில் பேசட்டும், ஒரே நிமிஷம் போதும் என்றார்கள்.

"உங்களுக்கு நான் கடன்பட்டவ டீச்சர், சாவற வரைக்கும்" என்றாள் அம்சா. "ஆனா எம்பொண்ணு மொகம் யாருக்கும் சாட்சி சொல்லாது. வேணும்னா என் மொகத்த எடுத்துக்குங்க. நான் பேசறேன்."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டார். சபைக்காரர்கள் அம்சாவைப் படம் பிடித்தார்கள். அவள் பேசினாள். யார் தன் மகளைத் தேடிக் கொடுத்தது, யாரால் தாமதமானது, இரண்டையும் பெயர் சொல்லிப் பேசினாள். மறுநாள் சாதக் கடைக்கு அரிசி தர ஒரு கடைக்காரர் மறுத்தார். வேறு கடையில் வாங்கினார்கள்.

7

பேனர் அப்படியே நின்றது. பாப்பா பள்ளிக்குப் போகும் வழி அதுதான். தன் முகத்தைத் தாண்டிப் போகவேண்டுமே என்று அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்தில், அது நெடுஞ்சாலைக்காரர் இடம் என்றார்கள். நெடுஞ்சாலைத் துறையில், போலீஸ் சொன்னால் எடுப்போம் என்றார்கள். காவல் நிலையத்தில், பெரிய கேஸுக்கு நடுவே பேனரா என்றார்கள். நான் இங்கிருந்து சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் மனு பெறப்பட்டது என்று இயந்திரம் பதில் போட்டது.

அம்சா ஒரு நாள் காலை, கடைகள் எல்லாம் திறந்து ஆட்கள் நடமாடும் நேரத்தில், ஏணியையும் தீவனம் அறுக்கும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு போனாள். ஏழுமலை ஏணியைப் பிடித்துக்கொண்டார். கயிறு அறுபடும்போதே பிரகாசம் வந்துவிட்டார்.

"யாரக் கேட்டுக் கழட்டற?"

"யாரக் கேட்டு மாட்டுனீங்க?"

"பொண்ணுக்காகத்தான மாட்டுனோம்!"

"பொண்ணு வந்துட்டா. வூட்ல சோறு துன்னுனுகீறா. இது யாருக்கு?"

கூட்டம் கூடியது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. பிளக்ஸ் கீழே விழுந்ததும் அம்சா இறங்கி, மகளின் முகம் உள்பக்கம் வரும்படி அதை மடித்தாள்.

"ஷீட்டயாவது குடுத்துட்டுப் போம்மா, நல்ல ஷீட்டு" என்றார் பிரகாசம். அவர் குரலில் அப்போது கோபம் இல்லை, எதையாவது காப்பாற்றிக்கொண்டு போகவேண்டும் என்ற தவிப்பு.

அம்சா பேனரின் கீழ்ப்பகுதியை மட்டும் அரிவாளால் கிழித்து, கும்பிட்ட கைகளோடு இருந்த துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

8

அடுத்த பவுர்ணமி மாலை எனக்கு இங்கே மதிய உணவு இடைவேளை. பள்ளி அலுவலகத்தில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தலில் கூட்டம். அம்சா தட்டில் சாதம் வைக்க, ஏழுமலை தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். பாப்பாவைப் பின்னால் துணி மறைப்புக்குள் உட்காரச் சொல்லியிருந்தாள் அம்சா. அவள் அங்கேதான், துணி இடைவெளியில் கடையும் தெரியும்படி உட்கார்ந்து எனக்குப் போனைப் பிடித்திருந்தாள். இளைத்திருந்தாள். அந்த வாரம் பள்ளிக்குப் போனதையும், பின்பெஞ்சுக்காரி அவன் என்ன மதம் என்று கேட்டதையும் சொன்னாள்.

"நீ இன்னா சொன்ன?"

"உனக்கு எதுக்குடி, கட்டிக்கப் போறியான்னேன் பெரிம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, பாதியில் நின்றுவிட்டது. வெளியே யாரோ இரண்டு பெண்கள் கடைமுன் நின்று பேசுவது போனில் கேட்டது. உள்ளூர்க்காரர்கள்தான். இந்தக் கடைதானே, அந்தப் பொண்ணு இவங்க பொண்ணுதானே, எங்க காணும், வெளியூர் அனுப்பிட்டாங்களோ. அம்சா அடுத்த தட்டில் சாதம் வைத்தாள்.

பாப்பா எழுந்தாள். "இருங்க பெரிம்மா" என்று போனைத் தண்ணீர்ப் பெட்டிமேல் சாய்த்து வைத்தாள். மறைப்பை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அம்சா கரண்டியோடு திரும்பி, "உள்ள போடி" என்றாள். அவள் போகவில்லை. தாயின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

வந்திருந்த பெண்களில் மூத்தவர் அவளைப் பார்த்தார். "இதுவா அந்தப் பொண்ணு?"

"ஆமாங்க, நான்தான்" என்றாள் பாப்பா. "லெமன் சாதமா, தயிர் சாதமா?"

அந்த அம்மாள் இரண்டு அண்டாவையும் பார்த்தார். பின்னால் வரிசை நகரச் சொல்லிக் குரல் கொடுத்தது.

"லெமன்" என்றார்.